கூடைக்குள் ஓர் உடும்பு



பழனி மலையின் கீழ்ச்சரிவில், தாண்டிக்குடிப் பக்கம் உள்ள உறவினரின் காப்பித் தோட்டத்திற்கு ஒரு விடுமுறையில் சென்றிருந்தோம். கல்சுவரின் இடுக்கில் அகப்பட்ட ஓர் இளம் உடும்பைத் தோட்டத்தில் இருந்தவர்கள் கூடையில் போட்டுத் தந்தனர். எங்கள் மகன் அதை வளர்க்க ஆசைப்பட்டான். நாங்களும் தடுக்கவில்லை.

முதல் நாள் அது உடலை உப்பவைத்துச் சீறியது. வாலைச் சுழற்றி அடித்தது. மறுநாள் கையில் எடுத்தபோது அசையாமல் கிடந்தது. "பழகிவிட்டது!" என்று துள்ளினான் மகன். நாங்களும் அவ்வாறே எண்ணினோம். ஆனால் கூடையில் வைத்த முட்டையை அது தொடவேயில்லை.

பார்த்துக்கொண்டிருந்த அத்தா சொன்னார்: "பழகவில்லை, பயந்து உறைந்திருக்கிறது."

மகன் விடவில்லை. "நபித்தோழர் வீட்டுச் சிறுவர் அபூ உமைர் குருவி வளர்த்தாரே, நன்னா? நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லையே?" என்றான். மதரஸாவில் கற்ற பாடம் அது.

"உண்மைதான். பூனையைக் கட்டிவைத்த பெண்ணின் செய்தியையும் படித்திருப்பாயே? அவள் அதற்கு உணவும் தரவில்லை. தானே இரை தேடிக்கொள்ள அவிழ்த்தும் விடவில்லை. அதற்காகவே தண்டிக்கப்பட்டாள். பூச்சியும் எலியும் தின்று, வெயிலில் காய்ந்து வாழும் உயிருக்கு இந்தக் கூடையில் என்ன இருக்கிறது?"

எங்களிடம் விடையில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் உள்ளது என்பதையும், அதைப் பிடித்தாலோ வளர்த்தாலோ 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை உண்டு என்பதையும் பின்னரே அறிந்தோம். அறியாமல் செய்தோம் என்பது பெற்றோராகிய எங்களுக்குச் சாக்காகாது.

அன்று மாலையே, பிடித்த இடத்திலேயே கூடையைச் சாய்த்தோம். சற்று நேரம் அது நகரவில்லை. பின்னர் பிளவுபட்ட நாக்கை நீட்டிக் காற்றை முகர்ந்தது. நொடியில் கல்லிடுக்கில் மறைந்தது. மகன் அழுதான். அத்தா அவனை அணைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் எங்களை உறுத்திய கேள்வி ஒன்றுண்டு. நம் கைக்குள் அடங்கியிருப்பதையெல்லாம் அன்பென்று எண்ணிக்கொள்கிறோமே. நம் வீட்டில் வாய்திறவாமல் இருப்பவர்களும் அன்பினால்தான் அமைதியாக இருக்கிறார்களா, அச்சத்தினாலா?

உங்கள் வீட்டருகே உடும்பு வந்தால் பிடிக்காதீர்கள், வழிவிடுங்கள். வெளியேற இயலாமல் சிக்கிக்கொண்டால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். நம் பொறுப்பில் உள்ள ஒவ்வோர் உயிரிடத்தும் இரக்கம் காட்டும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.