கையெழுத்துக்கு மேலே

'கைநாட்டு' என்றொரு வசைச்சொல் நம் நாட்டிலே வழங்குகிறது. எழுதத் தெரியாதவர் பெருவிரலில் மை தடவிப் பதிப்பதற்கு வைத்த பெயர், நாளடைவில் அறிவே இல்லாதவர் என்று ஏசுவதற்கு ஆகிவிட்டது. ஏசுகிறவர் யார்? நாலெழுத்துப் படித்தவர். ஏசப்படுகிறவர் யார்? அந்த நாலெழுத்துக்காரர் உண்ணும் சோற்றுக்கு நாற்று நட்டவர்! பயிரின் நிறம் பார்த்து நோய் சொல்வார். மேகம் பார்த்து மழை சொல்வார். இருபது ஆள் கூலியை ஏடும் எழுதுகோலும் இன்றி நொடியிலே கூட்டிச் சொல்வார். அவருக்கு எழுத்தில்லை என்று கூறுங்கள், ஒப்புகிறோம். அறிவில்லை என்று கூறுவீராயின், அந்தக் கூற்றிலேதான் அறிவில்லை என்போம்.

அத்தகையோர் நடுவேதான் நம் மாலைப் பொழுதுகள் கழிகின்றன. பகலிலே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுவது நம் தொழில். வாரத்தில் நான்கு நாள், இரவு ஏழு மணிக்கு மேல், திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் ஊர்ப்புற நூலகத்திலே, அப்பிள்ளைகளின் அன்னையர்க்கும் பாட்டிமார்க்கும் எழுத்துச் சொல்லுவது நாம் விரும்பி ஏற்ற தொண்டு. பதினாறு பேர் வருகிறார்கள். அவர்களுள் ஆண்கள் இருவர். நடவு தொடங்கிவிட்டால் பாதிப்பேர் வருவதில்லை. வருகிறவர்களும் நாளெல்லாம் சேற்றிலே குனிந்த இடுப்பு வலியோடு வருகிறார்கள். நம்மைத் 'தம்பி' என்று அழைக்கிறார்கள். எழுத்துத் தவறிவிட்டால் மட்டும் 'வாத்தியாரே' என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைப் போக்குவதுதான் நம் முதற்பாடம்.

நூலகமென்றால் அது படித்தவர்களுடைய இடம் என்றே அவர்கள் எண்ணியிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்கள். மறுநாள் வீட்டுவரி ரசீதைக் கொண்டுவரச் சொன்னோம். வீட்டுவரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலகவரியும் அதிலே சேர்ந்திருப்பதைக் காட்டினோம். "இத்தனை ஆண்டும் நீங்கள் வரி கட்டினீர்கள், மற்றவர்கள் படித்தார்கள். இது உங்கள் பணத்தில் நடக்கும் இடம், உட்காருங்கள்" என்றோம். உட்கார்ந்தார்கள்.

நூலகங்களுக்காக இந்நாடு செய்தது சிறிதன்று. இந்த மாவட்டத்து மன்னார்குடிப் பகுதியிலே, 1931ஆம் ஆண்டிலேயே மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். நூலக அறிஞர் இரங்கநாதன் போன்றோர் இடையறாது முயன்றதன் பயனாக, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. வண்டி வந்தது, சட்டம் வந்தது, கட்டடம் வந்தது. ஆனால் எழுத்தறியாதவரின் வாசலிலே நூல்வண்டி நின்றென்ன, நகர்ந்தென்ன? பூட்டிய பெட்டியைப் பரிசாகத் தந்து, திறவுகோலைத் தர மறந்த கதைதான்!

முதல் வாரத்திலே ஒரு மூதாட்டி பலகையைக் கீழே வைத்துவிட்டு, "தலையில எழுதலையே தம்பி, கையில எப்படி வரும்?" என்றார்.

தலையிலே எழுதாமல் விட்டது யார் என்று விசாரித்தோம். அவருடைய தாயும் தந்தையும் பண்ணையாட்கள். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இலேயே தஞ்சை மாவட்டத்துக்கு வந்துவிட்டது. எனினும் பசி சட்டத்தைப் படித்துவிட்டுப் போய்விடவில்லை. ஏழு வயதில் மிராசுதார் வீட்டு மாடு மேய்க்கப் போனார் இவர். அண்ணன் மூன்றாம் வகுப்புவரை போனார். தங்கை, தம்பியைத் தூக்கிச் சுமந்தார். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்டது. சேரிப்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று பெரியதனம் கேட்டது. ஆக, ஆண்டவன் எழுதாமல் விட்டதல்ல இது. ஆண்டை எழுதவிடாமல் தடுத்தது! மனிதர் செய்த தடையை மனிதர் அகற்றலாம். தலைவிதி என்று பெயரிட்டுவிட்டாலோ, தடுத்தவரும் தப்பித்துக்கொள்கிறார், தடைபட்டவரும் ஓய்ந்துவிடுகிறார். அந்த மூதாட்டியிடம் இவ்வளவும் பேசவில்லை, "மாடு மேய்க்கச் சொன்னது யார் ஆத்தா?" என்று மட்டும் கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு பலகையைக் கையிலெடுத்துக்கொண்டார்.

247 எழுத்து என்றால் எவரும் மலைக்கத்தான் செய்வர். உயிர் 12, மெய் 18. மற்றவை பெரும்பாலும் குறி சேர்வதால் பிறப்பவை என்று காட்டிவிட்டால் மலை குன்றாகிறது. உகர, ஊகார வரிசைகள் மட்டும் முரண்டுபிடிக்கும்; அவற்றைச் சொற்களோடு சேர்த்தே பழக்குகிறோம். எந்தச் சொற்களோடு? வாழ்நாளெல்லாம் ஆடு மேய்த்தவருக்கு ஆட்டின் படத்தைக் காட்டி 'ஆ' என்று சொல்லிக்கொடுப்பது அழகாகுமா? அவர்கள் வாழ்விலே கிடக்கும் சொற்களையே எடுத்தோம். கூலி, கடன், வட்டி, அசல், பட்டா, தவணை! பிரேசில் நாட்டுப் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் அங்கிக்கோஸ் என்னும் ஊரிலே ஏறத்தாழ 300 உழைப்பாளர்க்கு எழுத்துச் சொன்னபோது, அவர்தம் வாழ்வின் சொற்களிலிருந்தே தொடங்கினார். உழைப்பவர் எந்த நாட்டவராயினும் அவரை அழுத்தும் சொற்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன போலும்!

'தவணை' என்ற சொல்லை எழுதும்போது ஒரு செய்தியையும் சொல்லுவோம். முன்னாளில் ணை, லை, ளை, னை என்னும் நான்குக்கும் துதிக்கைபோல் வளைந்த தனி வடிவம் இருந்தது. ஏனைய எழுத்துகளுக்கு வேறு குறி. 1935இல் பெரியார் தம் 'குடிஅரசு' ஏட்டிலே இத்தகைய எழுத்துகளைச் சீர்திருத்தி அச்சிடலானார். 1978இல் தமிழக அரசு அச்சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. கற்றவர்கள் அன்று அதனை அச்சுக்கான வசதி என்றனர். இரவு எட்டு மணிக்கு, மங்கிய கண்களோடு 'ணை' எழுதும் மூதாட்டியின் அருகே அமர்ந்து பார்ப்பவருக்குத் தெரியும், அது யாருக்கான வசதி என்று.

இனி, நம் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருவோம்.

வகுப்புக்கு வருவோருள் ஐம்பத்தெட்டு வயது அம்மையார் ஒருவர் உண்டு. அவர் கைநாட்டு அல்லர். 1990களின் தொடக்கத்திலே அறிவொளி இயக்கம் தமிழகத்தில் வீறுகொண்டு எழுந்தபோது எழுத்துப் பயின்றவர். புதுக்கோட்டையிலே பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றுச் சாலையிலே அணிவகுத்த காலம் அது. அந்தப் பெரும்பணியின் பெருமை என்றும் குறையாது. ஆனால் விளக்கை ஏற்றிவைத்தவர்கள் போனபின் எண்ணெய் ஊற்ற ஆளில்லை. படிக்க ஏடில்லை, பழக நேரமில்லை. கற்ற எழுத்துகள் ஒவ்வொன்றாய் மறந்தன. சொந்தப் பெயர் மட்டும் கையில் தங்கியது. முப்பது ஆண்டுகளாக அவர் கையெழுத்துப் போட்டுவருகிறார்.

"எதிலெல்லாம் போடுவீர்கள்?" என்றோம்.

"காட்டுன இடத்துல போடுவேன், தம்பி."

தோழர்களே! இந்த விடையைச் சற்று எண்ணிப் பாருங்கள். எழுத்தறியாதவர் பெருவிரலைப் பதிக்கும் பத்திரத்திலே, உள்ளிருப்பது அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டது என்று எழுதிச் சாட்சி வைப்பது வழக்கம். வாசிக்கிறவர் நேர்மையாக வாசித்தாரா என்பது வேறு. வாசித்தாக வேண்டும் என்ற கடமையேனும் இருந்தது. கையெழுத்துப் போடுகிறவருக்கோ அந்தக் காப்பும் இல்லை. 'படித்துப் பார்த்துத்தானே போட்டாய்?' என்று உலகம் கேட்கும். பெயரை மட்டும் எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு, பெயருக்கு மேலே எழுதியிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொடாமல் விடுவது, நீந்தக் கற்பிக்காமல் ஆற்றிலே இறக்கிவிடுவதற்கு ஒப்பாகும்.

சென்ற ஆண்டு அந்த அம்மையாரும் அக்கம்பக்கத்துப் பெண்கள் நால்வரும் குழுக்கடனுக்கு ஏற்பாடு செய்திருந்தனர். மகளைச் செவிலியர் படிப்பிலே சேர்க்க அவருக்குப் பணம் தேவை. தனியார் நிறுவனத்து முகவர் தாளோடு வந்தார். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. நால்வரும் போட்டுவிட்டார்கள். அம்மையார் எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, "தமிழ்ல இருந்தா கொண்டாங்க சார், படிச்சிட்டுப் போடறேன்" என்றார். முகவர் சிரித்தாராம். நால்வரும் சினந்தனர். ஒருவர் போடாவிட்டால் ஐவருக்கும் பணமில்லையே!

மறுநாள் வகுப்பிலே அந்தச் செய்தி வந்தது. குறுங்கடன் தரும் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இந்திய ரிசர்வ் வங்கி வகுத்து, 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நெறிமுறையை எடுத்துச் சொன்னோம். கடன் உடன்படிக்கையும், கடன் அட்டையும், வட்டியையும் கட்டணங்களையும் காட்டும் விவரத்தாளும் கடன்பெறுவோர்க்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும் என்பது அதில் உள்ள விதி. ஆகவே, அம்மையார் கேட்டது சலுகையன்று, உரிமை.

பத்து நாள் கழித்துத் தமிழ்த்தாள் வந்தது. இரண்டு மாலை, விரல் வைத்து, வரி வரியாகப் படித்தார். நாம் வாசித்துக் காட்ட முன்வந்தபோது வேண்டாமென்று கையமர்த்திவிட்டார். 'தவணை' என்ற சொல்லைக் கண்டதும் நிறுத்தினார். பக்கத்திலே 24 என்றிருந்தது. முகவர் வாயால் சொன்னதோ 18. அதற்குக் கீழே, கடன்தொகையிலிருந்து முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் காப்பீட்டுத் தொகை ஒன்றும் இருந்தது. அதனை எவரும் சொல்லவே இல்லை.

அவர் கையெழுத்துப் போடவில்லை. வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டு மற்றவர்கள் கடனைப் பெற்றார்கள்; அவர்களுடைய தேவை அப்படி. அம்மையார் தோட்டைக் கூட்டுறவுச் சங்கத்திலே அடகுவைத்து மகளைச் சேர்த்தார். ஒரு மாதம்வரை தெருவிலே அவரோடு முகம்கொடுத்துப் பேச ஆளில்லை. படித்ததற்கு அவர் கட்டிய வட்டி அது! பின்னர் ஒருநாள், கடன்பெற்ற நால்வருள் ஒருவர் நூலகத்துக்கு வந்தார். கையிலே கடன் அட்டை. "இதுல என்ன போட்டிருக்குன்னு எனக்கும் சொல்லித் தாங்க" என்றார். "சொல்லித் தரமாட்டோம் அக்கா, படிக்கச் சொல்லித் தருவோம்" என்றோம். இன்று அவரும் வருகிறார்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, தமிழகத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80.09 என்கிறது, பெண்களில் 73.44. ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனோருள், ஏதேனும் ஒரு மொழியைப் பொருளுணர்ந்து எழுதவும் படிக்கவும் வல்லவரே எழுத்தறிந்தவர் என்பது கணக்கெடுப்போர் வகுத்த இலக்கணம். 'பொருளுணர்ந்து' என்னும் சொல்லை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். காட்டிய இடத்தில் கையெழுத்திடுபவர் அந்தக் கணக்கிலே எந்தப் பக்கம்? 15 வயதுக்கு மேற்பட்டோர்க்கென 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் தன்னார்வலர்களை நம்பியே வகுக்கப்பட்டது. தேர்வு வைப்பார்கள், சான்றிதழும் தருவார்கள், நன்று. ஆனால் சான்றிதழ் தரும் நாளோடு ஆசிரியர் விடைபெற்றுக்கொண்டால், முப்பது ஆண்டுக்கு முன் நேர்ந்த மறதியே மீண்டும் நேரும்.

ஆதலின் பட்டம் பெற்ற இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். ஒருவர் தேநீர்க் கடையிலே செய்தித்தாளை உரக்கப் படிக்க, பத்துப்பேர் சுற்றியமர்ந்து கேட்ட படிப்பகங்களிலே வளர்ந்தது நம் அரசியல் அறிவு. அன்று கேட்டவர்களை இன்று படிப்பவர்களாக ஆக்குவதே எஞ்சிய பணி. பெரிய திட்டம் வேண்டாம், பெரும்பொருள் வேண்டாம். உங்கள் ஊர் நூலகத்திலே மாலையில் ஒரு மணிநேரம் போதும். பாடநூல் எது என்று கேட்பீர்களாயின், அந்த வாரம் அவர்கள் கைக்கு எந்தத் தாள் வந்ததோ, அதுவே பாடநூல். மின்கட்டண ரசீது, மருந்துச் சீட்டு, வங்கிப் புத்தகம், கடன் அட்டை, ஊராட்சி அறிவிப்பு! அவர்களைப் பிள்ளைகளாக நடத்தாதீர்கள். அவர்கள் உங்களைவிட அதிகம் வாழ்ந்தவர்கள். பாடம் முடிந்தது என்று அவசரப்பட்டு எழுந்துவிடவும் செய்யாதீர்கள்.

பெயரை எழுதக் கற்றுத் தருவது தொடக்கம்தான். பெயருக்கு மேலே உள்ளதைப் படித்து, ஏற்பதாயின் ஏற்று, ஏற்க இயலாதாயின் 'போடமாட்டேன்' என்று எழுதுகோலைக் கீழே வைக்கும் துணிவு வருகிற நாளிலேதான், ஒருவர் எழுத்தறிந்தவர் ஆகிறார்.