ஐந்து சரம்

எங்கள் வகுப்பு மாணவியர் அனைவரும் கழுத்தில் ஏதேனும் ஒன்று அணிந்திருப்பர். பொன் இல்லாவிட்டால் பாசி. பாசியும் இல்லாவிட்டால் ஒரு கறுப்புக் கயிறு. என் கழுத்து மட்டும் இந்த இரண்டு ஆண்டுகளாக வெறுமையாகவே இருக்கிறது. "உனக்கு மாலையெல்லாம் பிடிக்காதா?" என்று தோழியர் கேட்டதுண்டு. "பிடிக்காது" என்றே சொல்லி வந்தேன். அது பொய். அந்தப் பொய்யைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இந்த மலரில் எனக்கு ஓர் இடம் கேட்டு வாங்கினேன்.

நண்பர்களே! நான் பாசிமணி கோக்கும் வீட்டில் பிறந்தவள். பேருந்து நிலையங்களிலும் கோயில் வாசல்களிலும் துணி விரித்து, மாலைகளைப் பரப்பி, "வாங்க சாமி" என்று அழைப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களே என் மக்கள். நரிக்குறவர் என்பது எங்களுக்கு ஊர் வைத்த பெயர். வீட்டில் நாங்கள் பேசுவது வாக்ரிபோலி. வட இந்திய மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கென்று எழுத்து இல்லை. எனவே என் அன்னை பேசும் எதையும் தமிழாக்கித்தான் இங்கே எழுத முடியும். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்த எங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பட்டியல் மாறிவிட்டது. எங்களைக் கண்டதும் பேருந்தில் இருக்கையின் ஓரத்துக்கு நகர்ந்து உட்காரும் வழக்கம் இன்னும் முழுதாக மாறவில்லை.

என் பாட்டனார் காலத்தில் வேட்டையும் இருந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துப்பாக்கி மூலைக்குப் போயிற்று. ஊசியும் பாசியுமே வாழ்வாயின. ஆனால் இந்நாட்டில் மணி கோப்பது எங்களால் தொடங்கியதன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடல் வாணிபம் நடந்த அவ்விடத்தில் மண்ணைத் தோண்டினால் கண்ணாடி மணிகளும் கல் மணிகளும் கிடைக்கின்றன. கொடுமணலிலும் கீழடியிலும் அப்படியே. நாங்கள் இம்மண்ணுக்கு வருமுன்னரே மணி இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. நாங்கள் அதை எடுத்துக் கோத்தவர்கள்.

கோப்பது எளிது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரவேண்டும். கலப்பு மணிகள் கிலோக் கணக்கில் வரும். உத்தரப் பிரதேசத்துப் புர்தில்நகர்க் கண்ணாடி மணி, பவழம் போன்ற செம்மணி, ருத்ராட்சம், துளசி மணி, பித்தளைக் குண்டு என்று எல்லாம் ஒரே மூட்டையில் இருக்கும். மணி உருளாதிருக்கப் பழைய கம்பளியை விரித்து அதன்மேல் கொட்டுவோம். முதல் வேலை நிறம் பிரிப்பதன்று, துளை பார்ப்பது. துளையின் விளிம்பு கூர்மையாக இருந்தால் அது நாளடைவில் நூலை அறுத்துவிடும். அப்படிப்பட்ட ஒரு மணி போதும், மாலை முழுதும் தெருவில் சிதறிப்போகும். நாக்கில் கல்லை அறிவதுபோல் அன்னை விரல் நுனியில் அதை அறிவார்.

பிறகுதான் கோப்பு. பெரிய மணிகளை நடுவிலும் சிறியவற்றைப் பிடரிப் பக்கமும் வைக்க வேண்டும். இரண்டு பெரிய மணிகளுக்கிடையே ஒரு சிறுமணி நுழைத்தால்தான் சரம் வளையும். இல்லையேல் குச்சிபோல் விறைத்து நிற்கும். கடைசியில் ஒரு நெல்லளவு நூலைத் தளர்வாக விடவேண்டும். ஐந்து சரமானால் ஐந்து நுனிகளையும் ஒன்றாக முடிந்து, அம்முடிச்சை ஒரு குமிழுக்குள் இழுத்து மறைத்து, அதன்பின் கொக்கி மாட்ட வேண்டும். "முடிச்சு வெளியே தெரிஞ்சா மாலைக்கு அழகில்லை" என்பார் அன்னை.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் ஐந்து சர மாலை ஒன்றை நானே கோக்க முற்பட்டேன். ஒவ்வொரு சரமும் மேல் சரத்தைவிட ஒரு விரற்கடை கீழே தொங்க வேண்டும். நூலை எவ்வளவு கூட்டுவது? கணித மாணவி அல்லவா நான்! ஆரம் ஒன்று கூடினால் சுற்றளவு இரண்டு பை, அதாவது 6.28 கூடும். ஆகவே சரத்துக்குச் சரம் ஆறேகால் விரற்கடை கூட்டினேன். மாலையை முடித்துப் போட்டுப் பார்த்தால் ஐந்தாம் சரம் என் வயிற்றைத் தொட்டது! அன்னை சிரித்தார். "ஒரு விரல் கீழே இறங்கணும்னா ரெண்டு விரல் கூட்டு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. மேலேதான் எல்லாம் ஒரே கொக்கியிலே மாட்டியிருக்கே!" என்றார்.

சூத்திரம் பிழையன்று; அதை நான் வைத்த இடம்தான் பிழை. மாலை கழுத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் விரிகிற வட்டம் அன்று. ஓரிடத்தில் மாட்டிக் கீழே தொங்குவது. வெட்கத்துடன் அந்த மாலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனேன்.

ஆனால் அன்று மாலையே இன்னொன்று கண்டேன். அன்னை கைவளைக்கு மணி கோத்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டைச் சுற்றி நூலால் அளந்தார். அவ்வளவு நீளத்துக்கு மணிகளை அடுக்கினார். அதன்மேல் மூன்று மணிகளைக் கூட்டினார். சிறுமணியானாலும் மூன்று, குண்டுமணியானாலும் மூன்று. "ஏன் மூன்று?" என்றேன். "மூணு போடாட்டி இறுக்கும்" என்றார். நோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நூல் தோலின்மேல் ஓடுவதில்லை. மணியின் நடுத்துளை வழியே ஓடுகிறது. ஆகவே வட்டத்தின் ஆரம் மணியின் பாதிக் கனம் கூடுகிறது. சுற்றளவோ பை மடங்கு மணியின் கனம் கூடுகிறது. பை என்பது 3.14. மூன்று மணியும் சற்றே தளர்வும்! மணி எந்தப் பருமனாயினும் விடை அதுவே. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் அன்னை அதை விரலில் வைத்திருந்தார். எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

இவ்வளவு பெருமையும் வீட்டுக்குள்தான். வெளியே என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திருவண்ணாமலையில் பௌர்ணமி தோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும் மக்கள் வெள்ளம். அங்கே நாங்கள் கடை விரிப்பது வழக்கம். சென்ற கார்த்திகை மாதத்தில் நானும் அன்னைக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். இரவு ஒன்பது மணியிருக்கும். எங்கள் வகுப்புத் தோழியர் நால்வர் பேசிச் சிரித்தபடி வந்து எங்கள் துணியின் முன் நின்றனர். நான் சட்டென்று முந்தானையை இழுத்து முகத்தை மறைத்து, பின்னாலிருந்த மூட்டையைப் பிரிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அவர்களுள் ஒருத்தி ஒரு கைவளையை எடுத்து 80 ரூபாயை 40 ரூபாய்க்குக் கேட்டாள். அன்னை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் 40 ரூபாய்க்கே கொடுத்துவிட்டார். அவர்கள் விரைவில் போகவேண்டும் என்பதற்காகவே கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் போனபின் என்னை ஒரு சொல் கேட்கவில்லை. ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

அடுத்த மாதம் துணைப்பாட ஆய்வகப் பதிவேட்டுக்கும் கணிப்பொறிக் கருவிக்கும் எனக்கு 600 ரூபாய் தேவைப்பட்டது. கைப்பேசியில் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வாயிற்காவலர் வகுப்புக்கு ஆள் அனுப்பினார். போனேன். வாயிலுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில் அன்னை நின்றுகொண்டிருந்தார். நான் அருகே போகுமுன் அவரே காவலரிடம் உரக்கச் சொன்னார்: "இந்தப் பொண்ணுதான் சாமி, என்கிட்ட மாலை சொல்லியிருந்துச்சு." என் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தைத் திணித்து, "சரியா இருக்கான்னு பார்த்துக்கோம்மா" என்று யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல் பேசிவிட்டு, திரும்பிப் பாராமல் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார்.

பொட்டலத்தில் ஆறு நூறு ரூபாய்த் தாள்கள் இருந்தன. அவற்றின் கீழே ஐந்து சர மாலை ஒன்று. நான் பாழாக்கிப் போட்டுவிட்டு வந்த அதே மாலை! அன்னை அதைப் பிரித்து, சரத்துக்குச் சரம் இரண்டு விரல் அளந்து, மறுபடி கோத்திருந்தார். ஐந்தும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒழுங்காக விழுந்தன. முடிச்சு வெளியே தெரியவில்லை.

"யாருடி அது?" என்று உடன் வந்த தோழி கேட்டாள். "பாசி விக்கிறவங்க" என்றேன்.

அந்த மூன்று சொற்கள்... இல்லை, இரண்டே சொற்கள், என்னை இன்றளவும் உறுத்துகின்றன. சொன்னது உண்மைதான், ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவள் நான் ஒருத்தியே. அந்தப் படிகளில் என்னை ஏற்றிவிட்டவர் வாயிலுக்கு வெளியே நின்று தம்மையே மறைத்துக்கொண்டார். மறைக்கக் கற்றுக்கொடுத்தது நான். ஐந்து சரத்தையும் தாங்குவது பிடரியில் ஒளிந்திருக்கும் அந்த ஒரு முடிச்சுத்தான். அது மாலைக்கு அழகாக இருக்கலாம், மகளுக்கு அழகன்று.

ஆசிரியப் பெருமக்களே, தோழர்களே! அன்று வேப்ப மரத்தடியில் நின்றவர் என் அம்மா. கிரிவலப் பாதையில் கைவளையை 40 ரூபாய்க்குக் கொடுத்தவரும் அவரே. அதை வாங்கிய தோழி இன்னும் அணிந்திருக்கிறாள், நாள்தோறும் பார்க்கிறேன். தோழி, அதன் மணிகளை ஒருமுறை எண்ணிப் பார். உன் மணிக்கட்டின் அளவுக்கு மேல் மூன்று மணி கூடுதலாக இருக்கும். மீதி 40 ரூபாயைப் பற்றி நாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

இம்மலர் உங்கள் கைகளுக்கு வரும் நாளில் நான் அந்த ஐந்து சர மாலையை அணிந்து வருவேன். எனக்கு மாலை மிகவும் பிடிக்கும்.