முச்சில்லுக் காருக்கு ஒரு வண்டில்

இம்மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, பயிற்றப்பட்ட தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து இலக்கியம் பற்றியோ சமயம் பற்றியோ நாலு பக்கம் வரும் என்றே எண்ணியிருப்பர். அவ்வெண்ணம் பொய்க்கப் போகின்றது. நாம் எழுதப் புகுந்தது காரின் பின்னே கொளுவி இழுக்கும் ஒரு வண்டியைப் பற்றி. அதனைச் செய்தவர் எமது கல்லூரியின் பழைய மாணவர். எம் வகுப்புத் தோழர். மரவேலைக் கூடத்தை விட்டு வெளியே வர மனமின்றி, அடுத்த பாடத்துக்குப் பிந்தி வந்து ஏச்சு வாங்கியவர். ஆதலின் இம்மலரில் அதற்கு இடமுண்டு எனத் துணிந்தோம்.

2023 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் விடுப்புப் பெற்று, இலண்டன் மாநகரின் வடமேற்கே ஹரோவில் வாழும் எம் தமக்கையார் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். தோழரின் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. தேநீர் குடித்து முடியுமுன்னரே அவர் எம்மைப் பின்வளவுக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்று, தறப்பாள் ஒன்றை விலக்கிக் காட்டினார். உள்ளே நின்றது ஒரு கார். முன்னே நடுவில் ஒரு சில்லு, பின்னே இரண்டு. எமது ஊரில் ஓடும் ஆட்டோவுக்கும் மூன்று சில்லுகளே. ஆயின் இது கதவும் கண்ணாடியும் வட்டச் சுக்கானும் கொண்டு, நால்வர் அமர்ந்து செல்லத்தக்க மெய்யான கார்.

இதன் பெயர் றிலையன்ற் றொபின். இங்கிலாந்தின் மத்திய பகுதியிலுள்ள டாம்வொர்த் என்னும் ஊரிற் பிறந்தது. இதன் வரலாற்றில் எம்மவர்க்கு அறிமுகமான பெயர் ஒன்றும் உண்டு. எம் தந்தையார் காலத்தில் யாழ்ப்பாணத்து ஆசிரியரின் அடையாளமாக விளங்கிய றலி சைக்கிளைச் செய்த நொற்றிங்ஹாம் நிறுவனம், ஒரு காலத்தில் மூன்று சில்லு வான்களையும் செய்து வந்தது. அவ்வேலையை அது கைவிட்டபோது, அங்கே பணியாற்றிய ரொம் வில்லியம்ஸ் என்பார் மனம் சோராது, 1935 இல் டாம்வொர்த்தில் றிலையன்ற் நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் வான்கள், 1953 இல் றீகல் என்னும் கார், 1973 இல் றொபின். 748 கன சென்றிமீற்றர் எந்திரத்துடன் வந்த றொபின், 1975 இல் 848 கன சென்றிமீற்றராக வளர்ந்தது. 2001 இல் அந்நிறுவனம் முச்சில்லுக் கார் செய்வதை நிறுத்திவிட்டது.

நான்கு சில்லுக் கார்கள் மலிந்த நாட்டில் மூன்று சில்லுக் காரை எவர் வாங்குவர் என வாசகர் வினவலாம். விடை சட்டத்திலே கிடந்தது. குறித்த எடைக்கு உட்பட்ட முச்சில்லு வாகனத்தை அந்நாட்டுச் சட்டம் மோட்டார் சைக்கிளோடு ஒப்பவே நோக்கியது. வரி குறைவு; மோட்டார் சைக்கிள் ஓட்டும் அனுமதிப்பத்திரமே போதும். மனைவியும் பிள்ளையும் வந்தபின் மழையிலும் பனியிலும் சைக்கிளோட்ட முடியாத தொழிலாளிக்கு இஃதொரு கூரையாயிற்று. எடை ஏறலாகாது என்பதனாலேயே உடலைத் தகட்டினாற் செய்யாது, எமது கரையோர மீனவரின் படகு எதனால் ஆயதோ அந்தப் பைபர் கிளாசினாற் செய்தனர். அதனை நகைத்தோர் பலர். நகைத்தோரிற் பெரும்பாலார் வீட்டில் வேறு கார் வாங்கப் பணம் இருந்தது என்பது எமது துணிபு.

தோழரின் கொட்டிலில் நின்ற கார் 1976 ஆம் ஆண்டினது. அவருடையதன்று. 2000 ஆம் ஆண்டில், கையில் ஒரு பையோடு அவர் அந்நாட்டை அடைந்தபோது, அயல்வீட்டில் இருந்தவர் ஓர் ஆங்கிலேய முதியவர். டாம்வொர்த்திற் பிறந்து, இளமையில் அவ்வூர்த் தொழிற்சாலையிலேயே சில ஆண்டுகள் வேலை செய்தவர். தோழருக்கு வாகனம் ஓட்டக் கற்பித்தவரும், தொழில் தேடிச் சென்ற நாளில் தம் ஆயுதப் பெட்டியையே தூக்கிக் கொடுத்தவரும் அவரே. மனைவியார் மறைந்தபின், 2021 இல் மகள் வாழும் டாம்வொர்த்துக்கே திரும்பி, முதியோர் இல்லமொன்றில் தங்கினார். காரைத் தோழரிடம் விட்டுச் சென்றார். நாம் சென்ற ஆண்டில் அவரது கட்பார்வை விரைந்து மங்கிக்கொண்டிருந்தது. ஆண்டு முடிவதற்குள் எஞ்சியதும் போய்விடும் என வைத்தியர் கூறியிருந்தனர். “அதன் சிவப்பு நிறம் மறந்துபோகுமுன் ஒருமுறை பார்க்க வேண்டும்” என்று தொலைபேசியிற் சொன்னாராம்.

காரின் எந்திரமோ இறுகிக் கிடந்தது. அதனைக் கழற்றிச் செப்பனிட மாதங்கள் செல்லும். ஏறத்தாழ நூறு மைல் தூரம் கயிற்றாற் கட்டி இழுப்பது பேதைமை. வாகனம் ஏற்றிச் செல்வோர் இருவரை விசாரித்தார். முச்சில்லு என்றதும் ஒருவர் மறுத்தார். மற்றவர் கேட்ட கூலி தோழரின் ஒரு மாத வீட்டு வாடகை. வாடகைக்குக் கிடைக்கும் இழுவை வண்டிகளிலும் ஓர் இடர்ப்பாடு. அவை யாவும் நான்கு சில்லுக் காருக்காகச் செய்யப்பட்டவை. இரு ஓரங்களிலும் இரண்டு தடங்கள் இருக்கும். நடுவிடம் வெறுமையாய் இருக்கும். றொபினை ஏற்றினால் பின்சில்லுகள் தடத்தில் ஏற, முன்சில்லு நடுப்பள்ளத்தில் விழும். முச்சில்லுக்கு முத்தடம் வேண்டும். இவ்வளவுதான் சிக்கல், ஆயினும் இவ்வளவுக்கு விடையளிக்கும் வண்டி எங்கும் கிடைக்கவில்லை.

விடை ஒரு படகுவண்டியாக வந்தது. படகை ஏற்றும் வண்டியின் நடுவே, முதுகெலும்பு போல ஓர் இரும்புச் சட்டம் முன்னிருந்து பின்வரை ஓடும். படகின் அடிமரம் அதன்மேல் அமரும். அச்சட்டத்தைக் கண்டதுமே “நடுத்தடம் இருக்கிறது மச்சான், மற்ற இரண்டையும் நாங்கள் வைப்போம்” என்றார் தோழர். பழையதாகையால் மலிவாகவே கிடைத்தது. படகுவண்டி வாங்குவோர் முதலில் நோக்க வேண்டியது சில்லின் குடத்தை. படகை இறக்கும்போதெல்லாம் சில்லுகள் உப்புநீரில் அமிழும். குடத்தினுள் நீர் புகுந்து பெயரிங்கை அரிக்கும். வெளியே வண்ணம் மினுங்கும். உள்ளே துரு தின்றிருக்கும். இதுவும் அவ்வாறே இருந்தது. இரு குடங்களையும் திறந்து, பழைய பெயரிங்குகளை அகற்றிப் புதியன இட்டுக் கிறீஸ் நிரப்பினார். ரயர்களையும் மாற்றினார். ரயரின் பூ தேயாதிருப்பினும் பல ஆண்டு வெயிலில் நின்ற ரயர் பக்கவாட்டில் வெடித்துவிடும்.

அடுத்தது எடைக் கணக்கு. தனக்கெனத் தடை இல்லாத இழுவை வண்டி, பாரத்தோடு சேர்த்து 750 கிலோவுக்கு மேற்படலாகாது என்பது அந்நாட்டு விதி. இழுக்கும் காரின் எடையிற் பாதிக்கு மேற்படவும் கூடாது. றொபின் ஏறக்குறைய 440 கிலோ. ஆகவே வண்டி 310 கிலோவுக்குள் நிற்க வேண்டும். தட்டும் பலகையும் சேர்த்து 220 கிலோவில் தோழர் முடித்துவிட்டார். தோழரின் கார் 1500 கிலோவுக்கு மேல். ஆதலின் இரு விதிகளுக்கும் அடங்கிற்று. முச்சில்லுக் காரின் மெலிவு அன்று வரியைக் குறைத்தது. இன்று தடையில்லாத எளிய வண்டி ஒன்றே போதுமாக்கியது.

நடுச்சட்டத்தின்மேல் ஒரு சாணுக்குச் சிறிது அகலமான தடித்த பலகையைப் போல்ட்டுகளால் இறுக்கி, அதன் இரு விளிம்பிலும் இரண்டு அங்குல உயரத்துக்கு மூலை இரும்பை நிறுத்தினார். இவ்விளிம்பே உயிர்நாடி. நான்கு சில்லுக் காரை ஏற்றும்போது சுக்கான் சற்றுப் பிசகினாலும் மற்றச் சில்லு தாங்கும். இங்கே முன்சில்லு ஒன்றே. அது பலகையை விட்டு வழுவினால் காரின் மூக்கு வண்டிக்குள் விழுந்து உடல் பிளந்துவிடும். குறுக்குச் சட்டங்களை இருபுறமும் நீட்டி, பின்சில்லுகளுக்குத் தட்டுகளை வெல்டிங் செய்து பொருத்தினார். காரின் அகலம் 1.42 மீற்றர். மட்காட்டுகளுக்கு இடையே அது அமர்ந்தபோது இருபுறமும் நான்கு விரற்கடை இடமே எஞ்சிற்று. ஏறும் பலகைகளும் மூன்று.

ஏற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கார் வண்டியின் பின்னந்தலையில் ஏறும் கணத்தில் பாரம் முழுவதும் அச்சுக்குப் பின்னே நிற்கும். அப்போது வண்டி ஏற்றமரம்போல ஆடி, இழுக்கும் காரின் பின்புறத்தையே தூக்கிவிடும். அதற்காகப் பின்சட்டத்தின் கீழ் இரு உதைகால்கள் வைத்தார். கையாற் சுற்றும் வின்ச் ஒன்று முன்னிருந்து இழுக்க, தோழரின் மகன் சுக்கானைப் பிடித்திருக்க, கார் மெல்ல ஏறிற்று.

எண்விளக்கு, சிவப்பு முக்கோணப் பிரதிபலிப்பான், இழுக்கும் காரின் இலக்கத்தகடு, கொளுவி கழன்றாலும் வண்டி ஓடிவிடாதபடி ஒரு சங்கிலி ஆகிய இவையெல்லாம் சட்டம் கேட்பவை. இவற்றை விரித்தல் வேண்டா.

ஏறிய காரை எவ்விடத்தில் நிறுத்துவது என்பதே தலையாய வினா. ஒற்றை அச்சு வண்டியில் பாரம் பின்னே சென்றால், ஓடும்போது வண்டி பாம்புபோல நெளியத் தொடங்கும். வேகம் மிகுந்தால் இழுக்கும் காரையும் கவிழ்த்துவிடும். முன்னே மிகுந்தால் இழுக்கும் காரின் பின்புறம் அமுங்கி, முன்சில்லுகளின் பிடி தளரும். மொத்த எடையில் நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை கொளுவியின்மேல் அமர வேண்டும் என்பர். தோழர் இதனைக் கூறியபோது நாம் சிரித்தோம். இது எம் பேரனாரின் முன்பாரமும் பின்பாரமுமேயன்றி வேறென்ன?

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. எம் பேரனார் வண்டில் பூட்டினார். வாசலில் வைத்து நுகத்தின்கீழ் உள்ளங்கையைக் கொடுத்து ஒருமுறை தூக்கிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல், பின்னே கிடந்த நெல்மூட்டையை ஒரு சாண் முன்னே தள்ளினார். பின்பாரம் மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்பாரம் கழுத்தைப் புண்ணாக்கும். செல்வீச்சின் ஒலி கேட்டுக்கொண்டிருந்த அந்நேரத்திலும் அவர் அதைப் பாராமல் புறப்படவில்லை. அன்றிரவு நாவற்குழிப் பாலத்தருகே அச்சு முறிந்தும் சில்லுக் கழன்றும் கிடந்த வண்டில்களை நாம் கண்டோம். எமது வண்டில் கொடிகாமம் சேர்ந்தது.

தோழருக்கு உள்ளங்கைக்குப் பதிலாகக் குளியலறைத் தராசு. கொளுவியின் உயரத்துக்கு ஒரு மரத்துண்டை அறுத்துத் தராசின்மேல் நிறுத்தி, வண்டியின் மூக்கை அதன்மேல் இருத்தினார். முள் 18 கிலோவைக் காட்டிற்று. மொத்தம் 660 கிலோ. நூற்றுக்கு 3 கூட இல்லை. கல்லூரியிற் பௌதிகவியல் படித்தவர் இவ்விடத்தில் மகிழலாம்: அச்சிலிருந்து கொளுவி 300 சென்றிமீற்றர், 440 கிலோக் காரை 20 சென்றிமீற்றர் முன்னகர்த்தினால், 440 ஐ 20 ஆற் பெருக்கி 300 ஆற் பிரிக்க, 29 கிலோ கூடும். நகர்த்தினார். முள் 47 இல் நின்றது. அவ்விடத்திலேயே முன்சில்லுக்குத் தடுப்புக்கட்டை அடித்தார். நாம் குனிந்து மூக்கின்கீழ் உள்ளங்கையைக் கொடுத்துப் பார்த்தோம். தோழர் ஏனென்று கேட்கவில்லை. அவரும் அவ்வீதியில் நடந்து வந்தவரே.

மேலதிகச் சில்லொன்றைச் சட்டத்தின் பக்கத்தே கட்டினோம். சங்ககால உப்பு வணிகர் வண்டியின்கீழ் வேறோர் அச்சைக் கட்டிச் சென்றதையும், அதற்குச் ‘சேமவச்சு’ என்று பெயர் இருந்ததையும் புறநானூறு கற்றோர் அறிவர். தோழரின் மகனுக்கு அச்சொல்லைக் கற்பித்தோம். ஆசிரியத் தொழில் எங்கும் விடுவதில்லை.

காரைக் கட்டும்போது பைபர் கிளாஸ் உடலின்மேற் பட்டி செல்லாமற் பார்த்தார். பின்னச்சை இருபுறமும் இறுக்கினார். முன்னே பிடிமானம் ஒரே சில்லாகையால் வளைவுகளில் மூக்குப் பக்கவாட்டிற் சாயும். ஆதலின் அங்கே இரு பட்டிகளை எதிரெதிர்ச் சாய்வாக இழுத்தார். பெருந்தெருவில் இழுவையோடு செல்வார்க்கு மணிக்கு 60 மைலே எல்லை. தோழர் 50 ஐத் தாண்டவில்லை. பதினைந்து மைலுக்கு ஒருமுறை நிறுத்திப் பட்டிகளைத் தொட்டுப் பார்த்தார்.

முதியோர் இல்லத்து முற்றத்தில், சில்லுக் கதிரையில் அவரை மகள் அழைத்து வந்தார். காரை இறக்கினோம். அவர் முதலில் காரை நோக்கவில்லை. வண்டியின் அருகே தள்ளச் சொல்லி, நடுப்பலகையைக் கண்ணருகே கொண்டுவருவதுபோற் குனிந்து, மூலை இரும்பை விரலால் தடவினார். “விளிம்பு வைத்திருக்கிறாயே, நல்லது” என்றார். பின்னரே கார். வெயில் படும்படி அதனைத் திருப்பி நிறுத்தச் சொன்னார். சிவப்பு மங்கியிருந்ததா, கண் மங்கியிருந்ததா அறியோம், “இவ்வளவு சிவப்பாகவா இருந்தது?” என்றார். சாரதி இருக்கையில் இருத்தினோம். ஒரு மணி நேரம் இறங்கவில்லை. மகள் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தார். இருவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவ்வாண்டு மார்கழியில் பார்வை முற்றாக நீங்கிற்று. மறு ஆண்டு மாசியில் அவர் காலமானார். காரின் பத்திரத்தை மகள் தோழரின் பெயருக்கு மாற்றி அனுப்பினார். எந்திரம் இப்போது கொட்டிலில் துண்டுதுண்டாகக் கழன்று கிடக்கின்றது. படகுவண்டியோ ஓரிடத்தில் நிற்பதில்லை. அந்நாட்டில் முச்சில்லுக் கார் வைத்திருப்போர் மூவர், செய்தி கேள்வியுற்று வந்து இரவல் வாங்கிச் சென்றனராம். கொடுக்கும்போதெல்லாம் தோழர் குளியலறைத் தராசையும் மரத்துண்டையும் கூடவே கொடுத்தனுப்புகிறார்.