புலிக்கூண்டும் ஒரு காது டேக்கும்

போன வெள்ளிக்கிழமை (இங்கே மஸ்கட்டில் அன்றைக்குத்தான் விடுமுறை) காலையில் ஊருக்குப் போன் போட்டேன். வழக்கமாக அம்மா முதலில் பேரனைத்தான் கேட்பார்கள். அன்றைக்கு எடுத்தவுடனே, "ஏய்யா, மேல் டிவிஷன்ல புலிக்கூண்டு கொண்டாந்து வச்சிருக்காக" என்றார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் பக்கத்து லயத்தில் ஒரு கன்றுக்குட்டி போயிற்றாம். அதற்கு முன்னால் இரண்டு நாய்கள்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் பையன், "கூண்டுக்குள்ள என்னப்பா வைப்பாங்க?" என்றான். ஆடு என்றேன். அத்தோடு அவனுடைய இட்லி தட்டிலேயே நின்றுவிட்டது.

எங்கள் ஊர் மூணாறு மலையில் ஒரு தேயிலை எஸ்டேட். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலை ஏறிய குடும்பம். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவர். தம்பி அங்கேயே வேலையில் இருப்பதால் லயத்து வீடு எங்களுக்குத் தங்கியது. வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட தொழுவம், அதில் ஒரு மாடு. என்னைப் போடிக்கு அனுப்பி பி.காம். படிக்க வைத்ததில் பாதி, அந்தத் தொழுவத்துப் பால் காசுதான். மாட்டை விற்றுவிடுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். என்னையும் விற்றுவிடு என்பார்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலையாளத்தில் 'புலி' என்றால் சிறுத்தை. நாம் புலி என்பதை அவர்கள் 'கடுவா' என்பார்கள். எங்கள் லயத்துத் தமிழில் இரண்டும் கலந்து கிடக்கும். அதனால் ஊரிலிருந்து யாராவது "புலி வந்துருச்சு" என்றால், "வரியா, புள்ளியா?" என்று கேட்டுக்கொண்டுதான் பயப்படவேண்டும் :) இந்தத் தடவை புள்ளி.

கூண்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நீளமான இரும்புப் பெட்டி. ஒரு முனையில் மேலே தூக்கி நிறுத்திய கதவு, உள்ளே தரையில் ஒரு மிதிபலகை. அதை மிதித்தால் கதவு தடாலென்று விழும். மறுமுனையைக் கம்பி போட்டுத் தனி அறையாக அடைத்து, அதற்குள் ஆட்டைக் கட்டுவார்கள். ஆடு கத்தும், வாசனை வரும், ஆனால் சிறுத்தைக்கு எட்டாது. வெளியே தழையைப் போட்டு மறைத்து வைப்பார்கள். (ஆடு சாகாதுடா என்று பையனிடம் சொன்னேன். ராத்திரி பூரா பயந்துக்கிட்டே இருக்குமே என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.) நம் இஷ்டத்துக்கு இதைச் செய்ய முடியாது. 1972-ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டத்தில் சிறுத்தை முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதற்கு மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரவேண்டும்.

மூணாறுக்காரர்களுக்குக் கூண்டு என்றால் நயமக்காடு எஸ்டேட்தான் ஞாபகம் வரும். 2022 அக்டோபர் ஆரம்பத்தில் இரண்டே ராத்திரியில் பத்து மாடுகள் அளவுக்கு அங்கே செத்துப்போயின. இது வரிப்புலி. தின்றதைவிடக் கொன்றதுதான் அதிகம். தொழிலாளிகள் மூணாறு - உடுமலைப்பேட்டை சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். நானாக இருந்தாலும் உட்கார்ந்திருப்பேன். தேயிலைக் கூலியில் ஒரு குடும்பம் சேர்த்து வைக்கிற ஒரே சொத்து மாடுதான். அக்டோபர் 4 ராத்திரி அந்தப் புலி கூண்டில் விழுந்தது. பரிசோதித்துப் பார்த்தால் இடது கண்ணில் புரை. ஒரு கண் தெரியாத மிருகம் மானைத் துரத்திப் பிடிக்க முடியாமல், கட்டிப்போட்ட மாட்டைத் தேடி வந்திருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய், கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி விட்டார்கள். இரண்டு வாரம் ஆகுமுன் அங்கே தண்ணீரில் கிடந்த மீன் வலையில் சிக்கி மூழ்கிச் செத்துப்போனது. அந்தச் செய்தியை அம்மாவிடம் சொன்னபோது, பத்து மாட்டுக்காக அழுத அதே அம்மா, "ஐயோ, கண்ணு தெரியாததை ஏய்யா தண்ணிப் பக்கம் விட்டாக?" என்றார்கள்.

பாலக்காட்டுப் பக்கம் கதையே வேறு. அங்கே காடும் வீட்டுக் கொல்லையும் ஒட்டிக்கொண்டே கிடக்கும். 2022 ஜனவரியில் உம்மினியில், ஆளில்லாத ஒரு பாழடைந்த வீட்டுக்குள் சிறுத்தை இரண்டு குட்டி போட்டிருந்தது. தாயைப் பிடிக்கக் குட்டிகளையே கூண்டுக்குள் வைத்தார்கள். ராத்திரி வந்த தாய், கூண்டில் சிக்காமலே ஒரு குட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போயே போய்விட்டது. மற்றது மனிதர்கள் கையில் தங்கியது. அடுத்த வருஷம் ஜனவரி 29 அன்று மண்ணார்க்காட்டுக்குப் பக்கத்தில் கோட்டோப்பாடத்தில் கோழி பிடிக்க வந்த சிறுத்தையின் கால், கோழிக்கூட்டு இரும்பு வலையில் மாட்டிக்கொண்டது. மயக்க ஊசி போடுகிற குழு வந்து சேருமுன், மணிக்கணக்காகத் தொங்கியபடியே செத்துவிட்டது. பிடிக்கவேண்டும் என்று வைத்த கூண்டில் விழவில்லை, கோழிக்குப் போட்ட வலையில் விழுந்தது.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குப் போனில் அடுத்ததாக அவர்கள் கேட்டது: "நீதான் பேங்க்காரனாச்சே, மாட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கு, ஏதாச்சும் ஆனா பணம் வந்துரும்ல?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்று சொல்கிறேன். வீட்டுக்காரியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

2008-ல் நான் பாலக்காடு மாவட்டத்தில் முதலமடைப் பக்கம் ஒரு கிளையில் அதிகாரியாக இருந்தேன். பரம்பிக்குளம் காட்டை ஒட்டிய பகுதி. மாந்தோப்புகள் நிறைய. அங்கே பாதிப் பேர் கொங்குத் தமிழ் பேசுவார்கள் என்பதால் என்னை அனுப்பினார்கள். காட்டோரம் குடியிருந்த ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும், கறவை மாட்டுக் கடன் வாங்கியிருந்தார். 18,000 ரூபாய். மாட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டு. காதில் எண் போட்ட டேக் அடித்திருக்கும். டேக் இல்லையேல் க்ளெய்ம் இல்லை என்பது தொழிலின் முதல் பாடம். எந்த மாடு செத்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது, மாடுகளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது பாருங்கள்.

ஜனவரியில் ஒரு நாள் அந்த அம்மா கிளைக்கு வந்தார். மாடு வேலியில் உரசி டேக் கழன்று விழுந்துவிட்டது, என்ன செய்யட்டும் என்று கேட்டார். அடுத்த வாரம் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்து வேறு டேக் அடித்துவிடலாம் என்றேன். போகவில்லை. பிறகு மார்ச் வந்தது. மார்ச் மாதம் வங்கியில் என்ன நடக்கும் என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கறவை மாட்டு ஆய்வுப் பதிவேட்டில் இருபது முப்பது மாடுகளுக்கு ஒரே மூச்சில், நாற்காலியை விட்டு எழாமல், 'மாடு நலம், டேக் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் அவருடைய மாடும் ஒன்று.

மே மாதம் சிறுத்தை வந்தது. தொழுவத்துக்கு ஓலைத் தட்டிதான் கதவு. காலையில் அந்த அம்மா முந்தானையில் முடிந்த டேக்கோடு வந்து நின்றார். பத்திரமாக டப்பாவில் போட்டு வைத்திருந்தாராம். கால்நடை மருத்துவர் வந்தார், சான்றிதழ் கொடுத்தார், பல் பட்ட இடமெல்லாம் எழுதினார். ஆனால் காதில் டேக் இல்லை, கையில் இருந்தது. க்ளெய்ம் திரும்பி வந்தது.

"ஏனுங்க சார், காதுல இருந்தாத்தான் மாடு செத்ததா அர்த்தமுங்களா?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஜனவரியில் என்னிடம் வந்து சொன்னதை அவர் ஞாபகப்படுத்தவே இல்லை. மறந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. நானும் மேனேஜரிடம் சொல்லவில்லை. அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வுப் பேட்டி இருந்தது.

அவருடைய மகன் பைக் க்ளட்ச் கேபிளில் கண்ணி கட்டப்போகிறேன் என்று குதித்துக்கொண்டிருந்தான். உள்ளே போய்விடுவாய் என்று சட்டம் பேசித் தடுத்தேன். (சும்மா பயமுறுத்தல் இல்லை. 2021 ஜனவரியில் இடுக்கி மாங்குளத்தில் கண்ணி வைத்துச் சிறுத்தையைப் பிடித்துக் கறி சமைத்ததற்காக ஐந்து பேர் கைதானார்கள்.) அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். சட்டம் பேச இவன் யார் என்ற பார்வை. வனத்துறை நஷ்ட ஈட்டுக்கு மனு எழுதிக்கொடுத்தேன். அதில் கிடைத்ததைக் கடனில் வரவு வைத்தும் பாக்கி நின்றது. பாக்கிக்கு நோட்டீஸ் போனது. அந்த நோட்டீஸில் இருந்தது என் கையெழுத்து. இரண்டு ஆட்டை விற்றுக் கட்டினார் என்று கேள்விப்பட்டேன். பதவி உயர்வு கிடைத்தது.

இதை ஏன் கூண்டுக் கதையில் கொண்டுவந்தேன் என்றால், அன்றைக்கு ஊரே "கூண்டு வை, கூண்டு வை" என்றுதான் கத்தியது. நானும் சேர்ந்து கத்தினேன். எனக்கு அது வசதியாக இருந்தது. பழி சிறுத்தை மேல் போய்விட்டதே!

கூண்டு வைத்தால் தீர்ந்துவிடுமா என்பதற்கு மகாராஷ்டிராவில் ஜுன்னாரில் ஒரு கணக்கு இருக்கிறது. 2001-லிருந்து அங்கே கரும்புக்காட்டுச் சிறுத்தைகளைப் பிடித்துச் சராசரியாக 40 கிலோமீட்டர் தள்ளிக் காட்டில் விட்டார்கள். மொத்தம் 29 சிறுத்தைகள். அதற்கு முன் வருஷத்துக்குச் சராசரி நாலு பேரைத் தாக்கியது, பிறகு 17 ஆனது. வித்யா ஆத்ரேயாவும் கூட்டாளிகளும் இதை ஆராய்ந்து 2011-ல் எழுதினார்கள். வராக்கடனை ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு மாற்றினால் வசூலாகிவிடுமா? அதே கதைதான். ஒன்றைப் பிடித்தால் காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். விடப்பட்டது புது இடத்தில் மிரண்டு திரியும். ஆளைத் தின்னப் பழகியதைப் பிடித்தே ஆகவேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கன்றுக்குட்டிக்கு முதல் காவல் தொழுவத்துக் கதவுதான்.

இங்கே ஓமான் மலைகளிலும் கல்லால் கட்டிய பழைய சிறுத்தைப் பொறிகள் உண்டு. ஆட்டுக்காரர்கள் கட்டியவை. உள்ளே இரையை இழுத்தால் பலகைக் கல் விழுந்து வாய் மூடும். நம் கூண்டேதான், இரும்புக்குப் பதில் கல். நெகேவ் பாலைவனத்தில் இப்படி ஒன்றுக்கு வயது 5,000 வருஷம் என்று கணித்திருக்கிறார்கள். வடக்கே முசந்தம் மலையில் இப்போது சிறுத்தை இல்லை. தெற்கே தோஃபாரில் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன.

அம்மாவின் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. "தம்பிகிட்ட போனைக் குடுங்க" என்றேன். "டேய், முதல்ல தொழுவத்துக்குப் போ. மாட்டுக் காதுல டேக் இருக்கான்னு பார்த்துட்டு வா. மஞ்சள் டேக், பன்னிரண்டு நம்பர் இருக்கும்."

"அதெல்லாம் இருக்கும்ணே."

"இருக்கும் வேணாம். போய்ப் பாரு. போட்டோ எடுத்து அனுப்பு."

ஐந்து நிமிஷத்தில் படம் வந்தது. இருந்தது. நம்பரை பாலிஸியோடு ஒத்துப்பார்த்தேன், சரி. கதவுக்குத் தகரமும், ராத்திரி எரிய ஒரு பல்பும் போட அன்றைக்கே பணம் அனுப்பினேன்.

நேற்று மறுபடி பேசினேன். கதவு போட்டாயிற்று. சிறுத்தை இன்னும் விழவில்லையாம்.

"அது விழுதோ இல்லியோ, அந்த ஆடு விடிய விடியக் கத்துதுய்யா. தூக்கமே இல்ல. பகல்ல கூண்டுப்பக்கம் யாரும் இருக்க மாட்டாக. போயி ரெண்டு கை குழை ஒடிச்சுப் போட்டுட்டு வந்தேன்."

"அம்மா, அங்கெல்லாம் தனியாப் போகாதீங்க."

"தனியா எங்க போனேன்? மாட்டையும் ஓட்டிக்கிட்டுல்ல போனேன்."