சுழியோட்டமும் ஒருமுறைக் கோட்பாடும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து வடபகுதியில், தலகாசி நகருக்குத் தெற்கே, நிலத்தின் கீழ் நீர் நிறைந்த குகைகள் பல கிலோமீற்றர் தூரத்துக்குக் கிளைவிட்டுச் செல்கின்றன. நிலாவரைக் கிணற்றின் ஆழம் பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தவர்க்குச் சுண்ணக்கல்லின் இத்தன்மை புதிதன்று. நீர் கல்லைக் கரைத்துத் தனக்கென வழி சமைத்துக்கொள்கிறது. ஆயின், அவ்வழியே மனிதர் சிலர் முதுகிற் சிலிண்டர்களைச் சுமந்து உட்புகுந்தபோது, கல்லைப் பற்றியதல்லாத ஒரு வினா எழுந்தது. உயிராபத்து நிறைந்த ஒரு வேலையிற் பலர் ஒருங்கே ஈடுபடுகையில், ஒவ்வொருவரும் தத்தம் அறிவுக்கேற்ப ஒழுகுவது பாதுகாப்பா, அன்றி எல்லாரும் ஒரே முறைக்குக் கட்டுண்டு ஒழுகுவது பாதுகாப்பா? 1990கள் தொட்டுச் சுழியோடிகளை இரு பிரிவினராக்கி வைத்திருப்பது இவ்வினாவே.

ஒரே முறை வேண்டும் என்போர் தம் கோட்பாட்டுக்கு இட்ட பெயர் ‘டூயிங் இட் ரைற்’ என்பதாகும். ‘சரியாகச் செய்தல்’ என்பது அதன் பொருள். வக்குல்லா ஊற்றையும் அதனைச் சார்ந்த குகைகளையும் ஆராய்ந்த ‘வுட்வில் கார்ஸ்ற் பிளெயின் புரொஜெக்ற்’ என்னும் குழுவினரிடையே அது உருப்பெற்றது. அக்குழுவைச் சேர்ந்த ஜரட் ஜப்லொன்ஸ்கி 1998 இல் நிறுவிய ‘குளோபல் அண்டர்வாட்டர் எக்ஸ்புளோரர்ஸ்’ என்னும் அமைப்பு அதனைப் பயிற்சிநெறியாக்கி உலகெங்கும் பரப்பியது. அணியின் ஒவ்வோர் உறுப்பினரும் ஒரே வகையான கருவிகளை, உடலின் ஒரே இடத்தில், ஒரே ஒழுங்கிற் பூண்டிருத்தல் வேண்டும், சுவாசிக்கும் வாயுக் கலவைகளும் பொதுவாக வகுக்கப்பட்டவையாய் இருத்தல் வேண்டும், தனித்துச் செல்லலாகாது. இவையே அதன் சாரம்.

புறத்தே நின்று நோக்குவோர்க்கு இது படைமுகாமின் சீருடைக் கட்டுப்பாடு போலத் தோன்றலாம். ஆனால் ஒரு குழாயின் நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தாலே அதன் தருக்கம் விளங்கும். சாதாரணச் சுழியோடி, தன் துணைவனுக்குக் காற்றுத் தீர்ந்துவிட்டால், தன் மார்பருகே மாட்டியுள்ள உபரிச் சீராக்கியை அவனுக்குக் கொடுப்பதே பெருவழக்கு. அவ்வுபரிச் சீராக்கி மணலிற் புரண்டிருக்கலாம். கொக்கியிலிருந்து கழன்று எங்கோ தொங்கலாம். ஒருமுறைக் கோட்பாட்டினரோ தம் வாயிலுள்ள சீராக்கியையே எடுத்து நீட்டுவர். அது தொழிற்படுகிறது என்பதற்கு அக்கணம்வரை அவர் உயிருடன் இருப்பதே சான்று! தமக்கென ஒன்று கழுத்தைச் சுற்றிய றப்பர் வளையத்தில், நாடிக்குக் கீழே, எப்போதும் காத்திருக்கும். கொடுக்கும் சீராக்கியின் குழாய் ஏறத்தாழ 2.1 மீற்றர் நீளமானது. இருவர் அருகருகே செல்ல இடமில்லாத ஒடுங்கிய வழியில், ஒருவர் பின் ஒருவராய், ஒரே சிலிண்டரிற் சுவாசித்தபடி வெளியேற அந்நீளம் இன்றியமையாதது. குகையின் சேறு கலங்கி விளக்கொளியும் மறைந்துபோகும் வேளையில், மற்றவனுடைய உடலில் எது எங்கே இருக்கும் என்பதைத் தன் உடலைப் போலவே கை அறிந்திருக்க வேண்டும். அங்கே வேற்றுமை என்பது சுவை பற்றியதன்று. சில விநாடிகள் பற்றியது.

வாயுக்களின் நிலையும் இத்தகையதே. மேலெழும்போது அமுக்கத் தணிப்புக்காகத் தனிச் சிலிண்டர்களில் ஒட்சிசன் மிகுந்த கலவைகள் கொண்டுசெல்லப்படுகின்றன. தூய ஒட்சிசனை 6 மீற்றருக்குக் கீழே சுவாசித்தல் ஆகாது. 50 சதவீதக் கலவையை 21 மீற்றருக்குக் கீழே சுவாசித்தல் ஆகாது. எல்லை மீறினால் வலிப்பு வரும். நீருக்கடியில் வலிப்பு வந்தவன் சீராக்கியை வாயிலிருந்து நழுவவிட்டு மூழ்கிவிடுவான். ஆதலின் சிலிண்டரின் மேல் அந்த ஆழத்தைக் குறிக்கும் எண் ஒன்றே பேரளவில் எழுதப்படுகிறது. ஒருவன் சிலிண்டரை மாற்றும் முன் துணைவன் அவ்வெண்ணைக் கண்ணால் உறுதிப்படுத்துகிறான். 2007 இல் ஜப்லொன்ஸ்கியும் கேஸி மக்கின்லியும் ரேணர் குழியிலிருந்து வக்குல்லா ஊற்றுவரை ஏறத்தாழ 11 கிலோமீற்றர் தூரத்தை, சுமார் 90 மீற்றர் ஆழத்தில், குகைவழியே கடந்தமை இத்தகைய ஒழுங்கின்றி நடந்திருக்கும் எனக் கருதுவது கடினம்.

மாற்றுக் கருத்தினர் இதனை மறுப்பதில்லை. குகைக்கென வெட்டிய சட்டையை எல்லாக் கடலுக்கும் ஏன் அணிவிக்கிறீர்கள் என்பதே அவர்தம் முதல் வினா. வெதுவெதுப்பான கடலில், 15 மீற்றர் ஆழத்தில், பவளப்பாறை காண வந்தவனுக்கு இரண்டு மீற்றர்க் குழாய் எதற்கு? இதனினும் கனதியான வேறொரு தடை உண்டு. விதியை மனனஞ்செய்தவன் அதன் காரணத்தை மறந்துவிடலாம். மூவரும் ஒரே வகையிற் சிந்தித்தால் மூவரும் ஒரே பிழையைச் செய்வர். அணியை நம்பியவன் அணியை இழந்த கணத்தில் யாது செய்வான்? தனக்கு வேண்டிய மாற்றுக் காற்றைத் தானே சுமந்து, தன்னைத் தானே காத்துக்கொள்ளப் பழகியவனே உண்மையிற் பாதுகாப்பானவன் என்பது இவர்கள் வாதம். தனித்துச் சுழியோடுவதற்கென 1999 இலேயே ஒரு பயிற்சி நிறுவனம் தனிநெறி வகுத்தது.

இரு சாராரும் உரிமை பாராட்டும் ஒருவர் ஷெக் எக்ஸ்லி. குகைச் சுழியோடிகளின் மரணங்களை ஒவ்வொன்றாய் ஆராய்ந்து அவர் 1979 இல் வெளியிட்ட நூலே பின்வந்த விதிகள் பலவற்றின் அடித்தளம். வெளிவாயில்வரை அறாத வழிகாட்டிக் கயிறு வேண்டும். காற்றின் மூன்றிலொரு பங்கை மட்டுமே உட்செல்லச் செலவிட வேண்டும் என்பன அவற்றுட் சில. ஆயின், விதிகளின் தந்தை எனத்தக்க அவரே பேராழங்களுக்குத் தனித்துச் சென்றவர். 1994 இல் மெக்சிக்கோவின் சக்கத்தோன் குழியில் உயிர்நீத்தபோதும் தனிக் கயிற்றிலேயே இறங்கியிருந்தார். அவர் மரணத்தைத் தத்தம் கட்சிக்குச் சான்றாக்குவோர் உளர். 260 மீற்றருக்கும் அப்பாற்பட்ட அவ்வாழத்தில் எந்தத் துணைவன் எதனைச் செய்திருக்க முடியும்?

வாதம் வசையானதற்குக் கோட்பாட்டின் பெயரே பாதிக் காரணம் எனலாம். ‘சரியாகச் செய்தல்’ நம்முடையதெனின் ஏனையோர் செய்வது பிழை என்றாகிறது. முன்னணியினர் சிலர் தம்மோடு உடன்படாதோரை இழிபெயரிட்டழைத்தமையும் அப்புண்ணை ஆழமாக்கிற்று. குழாயின் நீளத்துக்கு இத்துணை நல்ல காரணம் வைத்திருப்போர்க்கு ஏளனம் எதற்கு என்பது விளங்கவில்லை.

உண்மையில் இவ்விதிகளுள் இருவேறு வகையானவை கலந்துள்ளன. 30 மீற்றருக்குக் கீழே சாதாரண காற்றைத் தவிர்த்து ஈலியக் கலவை கொள்க என்பது ஒரு வகை. ஆழத்தில் நைதரசன் தரும் மயக்கமும் காற்றின் அடர்த்தியும் உடற்றொழிலைச் சார்ந்தவை, தனித்துச் செல்வோனையும் அவை விடா. விளக்கின் தலை எந்தக் கையில் இருத்தல் வேண்டும் என்பது பெரும்பாலும் மற்றொரு வகை; வீதியில் இடப்புறமாகச் செல்வது போன்றது. இடத்துக்கு வலத்தினும் மேலான சிறப்பொன்றுமில்லை. எல்லாரும் உடன்பட்டிருப்பதே அதன் சிறப்பு. ஆதரிப்போர் இரண்டாம் வகைக்கு முதல்வகையின் புனிதத்தைக் கொடுக்கின்றனர். எதிர்ப்போரோ முதல்வகையையும் வெறும் வழக்கமென ஒதுக்கிவிடுகின்றனர். வெளிவிட்ட மூச்சைத் தூய்மையாக்கி மீளச் சுவாசிக்கும் மூடிய சுற்றுக் கருவிகளை இயக்கத்தின் முன்னோடிகள் ஒருகாலத்தில் வன்மையாகக் கண்டித்தனர். இன்று அவ்வமைப்பே அவற்றுக்குப் பயிற்சியளிக்கிறது. உடன்பாடு திருந்தக்கூடியது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

குகையைவிட்டு வெளியே வந்தால், முன்பின் அறியாத இருவரைப் படகோட்டி ஒருவர் இணைத்து நீரில் இறக்கிவிடுவதே பெரும்பாலும் நடைமுறை. ஒருவர் நெடுங்குழாயைக் கழுத்தைச் சுற்றி அணிந்திருப்பார். மற்றவர் மஞ்சள் நிறச் சீராக்கியை மார்பில் மாட்டியிருப்பார். ஒருமுறைக் கோட்பாட்டினருட் கண்டிப்பானோர் இத்தகைய துணையோடு இறங்கவே மறுப்பர். மறுக்காதோர்க்குப் படகின் ஓரத்தில் ஐந்து நிமிடம் உண்டு: உம்முடைய மாற்றுக் காற்று எங்கே இருக்கிறது, என்னுடையதை எப்படி எடுப்பீர் என்று கேட்டு, ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்துக்கொள்வதற்கு.