வயல் பக்கத்துப் பொத்துவில்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை என்று நீண்டு வரும் ஏ4 வீதி, லகுகலைக் காட்டைத் தாண்டிப் பொத்துவிலுக்கு வந்தபிறகுதான் வடக்கே அக்கரைப்பற்று, கல்முனை பார்த்துத் திரும்புகிறது. வெளியூர் வான்களில் பாதி அந்தப் பக்கம் போவதில்லை. தெற்கே திரும்பிப் பாலத்தைக் கடந்து அறுகம்பையில் போய் நிற்கும். கூரையில் கட்டிய சறுக்குப் பலகைகளைப் பார்த்தாலே எங்கே போகிறார்கள் என்று தெரிந்துவிடும். பொத்துவிலைப் பற்றி எழுத வருகிறவர்களும் அநேகமாக அந்த வழியில்தான் போகிறார்கள். நான் வயல் பக்கம் போகிறேன்.

அம்பாறை மாவட்டம் என்றால் நெல் என்பார்கள். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் சேனாநாயக்க சமுத்திரமும் தந்த பெயர் அது. சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் வாய்க்கால் நீரில் இரண்டு போகம் விளையும். அந்த வாய்க்கால்கள் பொத்துவில்வரை வருவதில்லை. இங்கே சிறு குளங்களை நம்பிச் செய்கிற வயல் கொஞ்சம், வானத்தை நம்பிச் செய்கிற மானாவாரி மிச்சம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைமழை பிடித்தால் விதைப்பு. மாசி, பங்குனியில் வெட்டு. மழை பிந்தினால் விதைநெல்லே மண்ணுக்குள் கருகிப்போகும். ஹெட ஓயாவை மறித்து ஒரு நீர்த்தேக்கம் வேண்டும் என்று இந்த ஊர் விவசாயிகள் கேட்டுக் கேட்டே தலைமுறைகள் கழிந்துவிட்டன.

அலைக்காலமும் வயல்காலமும் இங்கே ஒன்றோடொன்று மோதுவதில்லை. சித்திரையிலிருந்து புரட்டாசி வரை வெள்ளைக்காரர்கள் அலைக்கு வருவார்கள். அப்போது வயல் காய்ந்து கிடக்கும். வாடைக்காற்று தொடங்கி அவர்கள் மூட்டை கட்டும்போது இங்கே உழவு தொடங்கும். ஆனி ஆடியில் அறுகம்பை உல்லையில் முச்சக்கரவண்டி ஓட்டுகிற பையன் கார்த்திகையில் வாப்பாவோடு வரம்பு கட்டிக்கொண்டு நிற்பான். ஒரே குடும்பம் இரண்டு கடலிலும் கால் நனைக்கிறது என்று எங்கள் ஊரில் சிரிப்பார்கள்.

உம்மாவின் வாப்பா, எங்கள் மூத்தாப்பா, இந்த வானம் பார்த்த பூமியில் ஆயுள் முழுக்க வேளாண்மை செய்தவர். பெரிய போடியார் இல்லை. சொந்தக் காணி கொஞ்சம், குத்தகைக் காணி கொஞ்சம். வட்டையில், அதாவது அந்த வயல்வெளியில், அவருக்கு மதிப்பு இருந்ததற்குக் காணியின் அளவு காரணமில்லை. பக்கத்து வயல்காரன் நோயில் விழுந்தால் அவன் வரம்பையும் சேர்த்துக் கட்டிவிட்டு வருவார். தண்ணீர்ச் சண்டையில் இரு பக்கமும் அவர் பேச்சைக் கேட்கும். விதைப்புத் தேதியையும் மாடுகளை வயலை விட்டு அகற்றும் நாளையும் தீர்மானிக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அதிகாரிகள் பேசி முடித்த பிறகு, “மூத்தவர் என்ன சொல்றாரு?” என்று வட்டவிதானை அவர் பக்கம் திரும்புவார். பாதி நேரம் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். மேற்கே லகுகலைப் பக்கத்து வானத்தை ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான்.

நெல்லில் குடலை பிறந்ததும் யானைக்காவலுக்கு வயல் வாடியில்தான் படுக்கை. 1980இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட லகுகலை–கிதுலான 1,554 ஹெக்டேயர்தான். யானைக்கு அந்த எல்லை தெரியுமா என்ன? கதிர் வாசத்துக்கு இறங்கிவிடும். பரணில் தீவறையும் கையில் யானைவெடியுமாக மூத்தாப்பா உட்கார்ந்திருப்பார். ஒரே இரவில் ஓர் ஏக்கரை மிதித்துப்போட்டுப் போன யானையை அவர் ஏசி நான் கேட்டதில்லை. “அதுக்கும் பசி” என்பார். உம்மம்மா விடமாட்டா: “ஓ, அதுக்குப் பசி, நமக்கு நோன்பு!”

ஒரு காட்சியை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சூடடித்து, தூற்றி, களவெட்டியில் பொலி குவிந்திருக்கும். மூட்டை கட்டுவதற்கு முன்னால் மூத்தாப்பா நெல் அளக்கும் மரைக்காலை எடுப்பார். ஒன்பது மரைக்கால் இந்தப் பக்கம், பத்தாவது அந்தப் பக்கம். மழைநீரில் விளைந்த தானியத்துக்கு மார்க்கம் விதித்த ஸக்காத் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சி விளைவித்தால் இருபதில் ஒன்று. பொத்துவில் மானாவாரி விவசாயிக்கு மழை மட்டுந்தான், ஆகவே அவன் கொடுப்பதும் இரட்டிப்பு. கடன்காரன் களத்திலேயே வந்து நின்ற வருடமும் இந்த அளவை மாறவில்லை. பத்தாவது மரைக்காலைத் தலைதட்டாமல் குவித்துப் போடுவார். நான் முகத்தைச் சுளித்தபோது, “குடுக்கக்குள்ள கை கூசப்படாது மனே” என்றார். ஸக்காத் குவியலிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு போனது என்று உம்மம்மாவுக்கு மட்டுந்தான் தெரியும். அந்தச் சாக்குகள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு, இருட்டில்தான் வீடுகளுக்குப் போகும்.

கீழ்க்கரை முஸ்லிம்களின் குடிமுறையில் வீடும் காணியும் பெரும்பாலும் பெண் வழியாகப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்தாப்பாவும் அப்படி வந்தவர்தான். பிறகு தன் மகள்மாருக்குக் காணியைப் பங்கிட்டார். ஒவ்வொரு கலியாணத்துக்கும் ஒரு துண்டு வயல் கழன்றது. கடைசியில் மருமக்களின் வயலில் வேலை செய்கிற கிழவராக நின்றார். அதை அவர் குறையாக நினைக்கவில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. பங்கு பிரித்துப் பிரித்து அரை ஏக்கராகிப்போன மானாவாரி வயல் எந்தக் குடும்பத்துக்குச் சோறு போடும்?

அக்கம்பக்கம் என்றால் அவருக்குக் கோமாரித் தமிழரும் லகுகலை, பாணமைச் சிங்களவரும் சேர்த்திதான். பாணமையில் தமிழும் சிங்களமும் கலந்த குடும்பங்கள் பல. ஆனி, ஆடியில் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்கள் பொத்துவிலைக் கடந்துதான் உகந்தைக்கும் குமணக் காட்டுக்கும் போவார்கள். எருமைத் தயிருக்குப் பெயர்போன ஊர் இது. அடியார்கள் வரும் நாட்களில் எங்கள் வாசலில் ஒரு பானை மோர் எப்போதும் இருக்கும்.

போர் இதையெல்லாம் விட்டுவைக்கவில்லை. காட்டோர வயல்களுக்குப் போகவே பயந்த காலம் நீண்டது. 2004 டிசம்பர் 26 சுனாமி அறுகம்பைப் பாலத்தைச் சிதைத்தது. புதிய பாலம் 2008இல்தான் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே, 2006 செப்டம்பரில், இறத்தல்குளத்தில் வேலைக்குப் போன 10 முஸ்லிம் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அரசும் புலிகளும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டார்கள். ஊரார் சுயாதீன விசாரணை கேட்டுக் கடையடைத்தார்கள். வயலுக்கு நீர் தரும் குளத்தைத் திருத்தப் போனவர்கள் அவர்கள். பொத்துவிலின் விவசாய வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தப் பத்துப் பேரை விட்டுவிட்டு எழுத முடியாது.

மூத்தாப்பா மௌத்தான பிறகு வந்தவை வேறு வகைச் சோதனைகள். 2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாக நிறுத்தியது. அந்த ஆண்டு நவம்பரிலேயே பின்வாங்கியது. அதற்குள் பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டது. உரமில்லாமல் மஞ்சளித்த பயிரைப் பார்த்துவிட்டு என் மாமா, “வாப்பா இல்லாதது நல்லதாப் போச்சு” என்றார். இப்போது வெட்டுமெசின் வந்து இரண்டு நாள் வேலையை ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறது. நெல் வயலிலேயே சாக்கில் ஏறி லொறிக்குப் போகிறது. களவெட்டி இல்லை, மரைக்காலும் இல்லை. ஸக்காத்தைக் காசாகக் கணக்குப் பார்க்கிறார்கள். நடுமுதுகு ஒடியச் சூடு வைத்தவர்களுக்கு மெசின் பெரிய விடுதலை. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

காணிதான் இன்றைய பெரிய தலையிடி. போர்க்காலத்தில் கைவிட்ட வயல்கள் பற்றைக்காடாகிவிட்டன. திரும்பிப் போனவர்களிடம் இது வனம் என்று சொல்லப்படுகிறது. 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிவரை நடந்த பேரணியிலும் காணிப் பறிப்புக்கு எதிரான குரல் இருந்தது. இப்படிப்பட்ட பிணக்கில் அழுகை செல்லாது, கடதாசிதான் செல்லும். பொத்துவில்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டுப் பெட்டிக்குள் கிடக்கும் பழைய பேர்மிட், நெற்காணி இடாப்புப் பிரதி, ஏக்கர்வரிச் சிட்டை எல்லாவற்றையும் இன்றே தேடி எடுத்துப் படம்பிடித்து வையுங்கள். உங்கள் வட்டையின் பெயர், குளத்தின் பெயர், நாலு பக்கத்து எல்லைக்காரர் யார் என்பதை, வயலில் நின்ற மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.