கணக்கும் கதவும்

நீதியையும் இரக்கத்தையும் தனித்தனியே போற்றுவது எளிது. இரண்டையும் ஒரே மனிதரிடம் காட்டுவதே அரிது. பிறர் வழக்கில் இரக்கத்தையும் தம் வழக்கில் நீதியையும் பேசுவது மனித இயல்பு. நாமும் அதற்கு விலக்கல்லோம் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் உணர நேர்ந்தது.

நம் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்தது. பச்சைக் கேரளம் என்றதும் கண்முன் தோன்றும் காட்சி அங்கில்லை. பனையும் நிலக்கடலையும் கண்ட வறள்மண் அது. ஆட்சிமொழி மலையாளமாயினும் வீட்டிலும் சந்தையிலும் ஆலயத்திலும் தமிழே ஒலிக்கும். அப்பகுதித் தமிழ்க் கத்தோலிக்கருக்கென 2013 டிசம்பரில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவாயிற்று. அம்மண்ணை விட்டு, மத்திய அரசு அலுவலக எழுத்தராகத் தலைநகரில் குடியேறி இருபது ஆண்டுகள் ஆகின்றன.

தந்தையார் மறைந்தபின், ஊரிலிருந்த சிறு தென்னந்தோப்பைச் சிற்றப்பாவின் மகனிடம் ஒப்படைத்தோம். கள்ளிறக்க விட்ட மரங்களுக்குரிய வாடகையை மாதந்தோறும் அவர் நம் அன்னையாரிடம் கொடுத்துவர வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருமுறை உயிர்ப்புப் பெருவிழாவுக்காக விடுப்பில் சென்றிருந்தபோது, அன்னையாரின் மருந்துப் பெட்டியைத் திறக்க நேர்ந்தது. நாள்தோறும் ஒன்று உட்கொள்ள வேண்டிய மாத்திரைகள் பாதிபாதியாக முறித்து வைக்கப்பட்டிருந்தன. பதினான்கு மாதங்களாக வாடகை வரவில்லை. மரங்கள் பட்டுப்போயின என்று தம்பி சொல்லியிருக்கிறார். அன்றே தோப்புக்குச் சென்று பார்த்தோம். மரங்கள் செழிப்பாகவே நின்றன.

காவல் நிலையத்துக்குச் செல்லப் புறப்பட்ட நம்மை அன்னையார் தடுக்கவில்லை. "கணக்கைக் கேளு, கண்ணு. கதவை மட்டும் சாத்திப் போடாதே" என்றார். அவர் சொன்னதன் பொருள் அன்று விளங்கவில்லை. ஆயினும் கால்கள் வாசற்படியோடு நின்றன. தம்பியைக் காணாமலேயே தலைநகர் திரும்பினோம்.

அலுவலகத்தில் நாம் நாள்தோறும் கையாளும் விதி ஒன்றுண்டு. அரசுக்கு நேர்ந்த இழப்பைத் தள்ளுபடி செய்யலாம். ஆனால் முதலில் அவ்விழப்பு பதியப்பட வேண்டும், அதன் காரணம் ஆராயப்பட வேண்டும். தள்ளுபடி ஆணையில் உரிய அதிகாரம் பெற்றவரே ஒப்பமிட வேண்டும். மன்னிப்புக்கும் இது பொருந்தும் அன்றோ? நடவாதது போல் மறைப்பது மன்னிப்பாகாது. பாதி மாத்திரையோடு நாள்களைக் கழித்தவர் அன்னையார். மன்னிக்கும் உரிமை அவருக்கே உண்டு, நமக்கன்று.

இவ்வெண்ணத்தோடு இரு நிகழ்ச்சிகளைச் சீர்தூக்கிப் பார்த்தோம். 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளரிடையே பணியாற்றிய ஆஸ்திரேலியர் கிரகாம் ஸ்டெயின்ஸும், பத்து வயது பிலிப், ஆறு வயது திமோத்தி என்னும் இரு மைந்தரும் வண்டியோடு எரிக்கப்பட்டனர். கொன்றோரை மன்னித்துவிட்டதாக அவர்தம் துணைவியார் கிளாடிஸ் அறிவித்தார். அதே வேளையில், மன்னிப்பு வேறு, சட்டத்தின் கடமை வேறு என்னும் தெளிவும் அவருக்கிருந்தது. வழக்கு நடந்தது, முதற் குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை 2005இல் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

மற்றொன்று நம் கேரளத்தைச் சார்ந்தது. எர்ணாகுளம் மாவட்டத்துப் புல்லுவழியில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் ஏழை உழவர்களைக் கந்துவட்டியிலிருந்து மீட்கப் பாடுபட்டவர். அதாவது நீதிக்காக நின்றவர். 1995 பிப்ரவரி 25 அன்று, ஓடும் பேருந்தில் தொடங்கிய கத்திக்குத்துக்கு இரையானார். கொன்ற சமுந்தர் சிங் ஆயுள் தண்டனை பெற்றார். 2002இல் ராணி மரியாவின் தங்கை, அருட்சகோதரி செல்மி பால், சிறைக்கே சென்று அவர் கையில் ராக்கி கட்டினார். தாயார் பின்னர் அக்கைகளையே முத்தமிட்டார். குடும்பத்தாரும் வேண்டிக்கொள்ள, 2006இல் அவர் விடுதலை பெற்றார். 2017இல் இந்தூரில் ராணி மரியா முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார்.

இரண்டிலும் குற்றம் மறைக்கப்படவில்லை. இரண்டிலும் கதவு அடைக்கப்படவுமில்லை. எனினும் செல்மி பால் நம்மை உறுத்தினார். அவர் குற்றவாளியை வரவழைக்கவில்லை, தாமே சென்றார். நாமோ, தம்பி வந்து ஒப்புக்கொள்ளட்டும், பிறகு பார்ப்போம் என்று தலைநகரில் அமர்ந்திருந்தோம். நற்செய்தியில் வரும் சக்கேயுவின் கதையும் நினைவுக்கு வந்தது. ஆண்டவர் அவன் வீட்டுக்குச் செல்வது முதலில். ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்று அவன் சொல்வது அதன் பின்னரே. அலுவலக விதியின் வரிசை அங்கே தலைகீழாயிருக்கிறது.

அடுத்த விடுப்பில் தம்பியின் வீட்டுக்குச் சென்றோம். அவர் தலை நிமிரவில்லை. கடன் தொல்லையைச் சொன்னார், கேட்டோம். பின்னர், "கணக்கு எழுதுவோம்" என்றோம். மகளின் பள்ளி நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, பதினான்கு மாதங்களையும் அவரே எழுதினார். தோப்பை வேறொருவரிடம் ஒப்படைப்பது, தொகையைத் தவணையாக அன்னையாரிடமே செலுத்துவது என முடிவாயிற்று.

எழுந்தபோது அவர் ஒரு சொல் சொன்னார்: "அண்ணா, பணம் வருதான்னு நீங்க ஒரு தடவை பெரியம்மாவைக் கேட்டிருந்தாக்கூட எனக்குத் தைரியம் வந்திருக்காது." பழியைத் தள்ளும் சொல்தான், ஆயினும் பொய்யன்று. பதினான்கு மாதங்களும் தொலைபேசியில் உடல்நலம் கேட்டோம். பணம் வந்ததா என்று கேட்கவில்லை. அந்தத் தாளில் நம் பெயரிலும் ஒரு வரி இருந்திருக்க வேண்டும். ஊரில் முதியோரையும் நிலத்தையும் விட்டுவந்த நம் போன்றோர் பலருக்கும் அப்படியொரு வரி இருக்கக்கூடும்.

தவணைகள் இன்னும் முடியவில்லை. தம்பியை முற்றிலும் மன்னித்துவிட்டோம் என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் கிறிஸ்துமஸ் அன்று அவர் நம் வீட்டில் உணவருந்துகிறார். அன்னையாரே பரிமாறுகிறார். மருந்துப் பெட்டியை இப்போது ஒவ்வொரு முறையும் திறந்து பார்க்கிறோம். மாத்திரைகள் முழுமையாக இருக்கின்றன.